வீட்டில் பாட்டுச் செய்ய லேப்டொப் வாங்குகிறீர்களா? கடைக்கு உங்கள் பாட்டையும் கொண்டுபோங்கள்

சில வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் அம்மாவின் தாலாட்டை ஒலிப்பதிவு செய்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். தன் தாயிடம் கேட்டுப் பழகிய மெட்டு அது. கரையோர ரயில் கடந்துபோகும்வரை காத்திருந்தோம், மின்விசிறியை நிறுத்தினோம். கண்ணை மூடிக்கொண்டு நான்கு நிமிடம் பாடினார். போட்டுக் கேட்டால், தாளிக்கும் சட்டியில் கடுகு வெடிப்பதுபோலக் குரலுக்கு நடுவே டிக், டிக் என்று சத்தம். லேப்டொப் இடையிடையே தடுமாறியிருக்கிறது. அவர் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறையும் பாடினார். முதல் தடவை வந்த குழைவு இரண்டாம் தடவை வரவில்லை.

அந்த லேப்டொப்பின் மூடியில் ‘ஐ7’ என்று செயலியின் (கணினியின் மூளையான சில்லின்) பெயர் ஒட்டியிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு எனக்காகவும், கேட்டு வந்த தம்பி தங்கைகளுக்காகவும் கொழும்பில் பல தடவை லேப்டொப் பார்த்து வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உறுதியான ஒரு விஷயம் உண்டு: பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவதைவிட, நாம் செய்யப்போகும் வேலையை அதே மெஷினில் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குவதே மேல். எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி போதும். கோயிலுக்கு ஒரு பக்திப் பாடல், கவிதைக்கு இசை, வயலினும் மிருதங்கமும் குரலும் என்று பதிவு செய்து கலப்பதுதான் வேலை என்றால் உங்கள் தேவை சிறியது. நான்கு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பிரிவு) உள்ள செயலியும் 8 ஜிபி ராமும் இதற்குப் போதும். பீட் அமைப்பது, சிந்தசைசர் ஒலிகளை அடுக்குவது என்றால் செயலிக்கு வேலை கூடும். வயலின் கூட்டம், பியானோ, வீணை போன்றவற்றின் மாதிரி ஒலித் தொகுப்புகளைக் கொண்டு படத்துக்கு இசையமைப்பதுபோலச் செய்யப்போகிறீர்கள் என்றால் 16 ஜிபி ராமுக்குக் கீழே போக வேண்டாம். அந்தத் தொகுப்புகள் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் ராமில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் வாசிக்கும்.

எந்த மென்பொருளில் பதிவு செய்து கலக்கப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். லொஜிக் ப்ரோ ஆப்பிள் சாதனங்களில் மட்டும்தான் ஓடும். எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் மூன்றும் விண்டோஸிலும் மெக்கிலும் ஓடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ரீப்பரைத்தான் சொல்வேன். 60 நாட்கள் எந்தக் குறையுமின்றிப் பாவித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டொலர், பழைய கணினியிலும் இலேசாக ஓடும். இன்னொரு பெரிய வசதியும் அதில் உண்டு, கீழே வருகிறேன்.

2. பணத்தைப் பத்தாகப் பிரியுங்கள்

2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அந்த மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அதனால் இங்கே விலை எழுதினால் அது நாளைக்கே பொய்யாகிவிடலாம். பங்கு மட்டும் மாறாது. கையில் பத்துப் பங்கு இருந்தால் ஆறு பங்குக்கு மேல் லேப்டொப்புக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் நான்கு பங்கில் ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், வயருள்ள ஒரு ஹெட்போன், மைக் தாங்கி.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முழுப் பணத்தையும் லேப்டொப்பில் போட்டுவிட்டு, அதிலேயே இருக்கும் சின்ன மைக்கில் பாடிப் பதிவு செய்கிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அந்த மைக் வழியாக உள்ளே போன குரலை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. அதே நேரம், நல்ல மைக்கும் ஒரு சாதாரண இன்டர்ஃபேஸும் இருந்தால் ஐந்து வருடப் பழைய லேப்டொப்பிலும் வானொலிக்குக் கொடுக்கக்கூடிய பதிவு கிடைக்கும். ஒலிபெருக்கிகளைப் பிறகு வாங்கலாம். புளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்குக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், ஒலி தாமதித்துத்தான் வரும்.

3. லேப்டொப்பும் தாளம் பிடிக்க வேண்டும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

நீங்கள் பாடும்போது இன்டர்ஃபேஸ் உங்கள் குரலை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கிறது. அந்த அளவுகளைச் சிறு சிறு கட்டுகளாகக் கட்டிக் கணினிக்கு அனுப்புகிறது. ஒரு கட்டில் எத்தனை அளவுகள் என்பதைத்தான் பஃபர் என்கிறோம். பஃபரை 128 என்று வைத்தால், கணினிக்கு ஒரு செக்கனில் ஏறத்தாழ 344 கட்டுகள் வரும். ஒவ்வொன்றையும் வாங்கி, எதிரொலி சேர்த்து, மற்ற டிராக்குகளோடு (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளோடு) கலந்து, 2.9 மில்லிசெக்கனுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 344 இல் ஒன்று பிந்தினாலும் காதில் ‘டிக்’ என்று கேட்கும்.

மிருதங்கக்காரர் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் சமத்தில் வந்து விழாவிட்டால் பாடகருக்குப் பயனில்லை அல்லவா? லேப்டொப்பும் அப்படித்தான். அதன் உச்ச வேகம் எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. ஒரு தடவைகூடத் தவறாமல் சமத்துக்கு வருகிறதா என்பதே முதல் கேள்வி. வைஃபை நடுவில் எழுந்து வலையமைப்பைத் தேடும், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்பைத் துருவும், சூடு ஏறியதால் செயலி தன் வேகத்தைக் குறைக்கும். தாளம் தப்புவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள் எதுவும் இதைச் சொல்லாது.

பஃபரைக் கூட்டி 512 ஆக்கினால் கணினிக்கு 11.6 மில்லிசெக்கன் அவகாசம் கிடைக்கும், டிக் சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் போகவும் வரவும் சேர்த்தால் பாடகரின் குரல் அவர் காதுக்கு 20 மில்லிசெக்கனுக்கு மேல் தாமதித்து வரும். காற்றில் ஒலி 10 மில்லிசெக்கனில் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் போகும் என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள். தன் குரலையே ஏழு மீற்றர் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு பாடுவது போன்ற நிலை அது. ஆகவே பதிவு செய்யும்போது சிறிய பஃபர், கலக்கும்போது பெரிய பஃபர் என்று மாற்றிக்கொள்வதே வழக்கம்.

குரல் பதிவு மட்டும் செய்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ‘டைரக்ட் மொனிட்டர்’ வசதியுள்ள இன்டர்ஃபேஸ் வாங்கினால், பாடகரின் குரல் கணினிக்குள் போய் வராமல் நேரே அவருடைய ஹெட்போனுக்குப் போய்விடும். அப்போது பெரிய பஃபரிலும் தாமதமின்றிப் பாடலாம், லேப்டொப் சுமாராக இருந்தாலும் போதும்.

4. எண்களைப் படிக்கும் முறை

‘ஐ5’, ‘ஐ7’ என்பதோடு நின்றுவிடாமல் அதன் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ7-7600யு என்பது ஏழாம் தலைமுறை, அதில் இரண்டே கோர். ஐ5-8350யு எட்டாம் தலைமுறை, அதில் நான்கு கோர். பெயரில் சின்னதாகத் தெரியும் ஐ5 தான் இங்கே நமக்கு வேண்டியது. நான் ஏமாந்ததும் இதே இடத்தில்தான்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், லேப்டொப்புக்கான ஏஎம்டி ரைசனில் 3000 வரிசையிலிருந்தும்தான் முறைப்படி ஏற்கப்படுகிறது. அதற்கு முந்திய கணினிகளை மிக மலிவாகத் தருகிறார்கள் என்றால் அதுதான் காரணம். சுற்றுவழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பதாகச் சொன்னாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

புதிதாக வாங்குபவர்கள் ஐ5-1235யு, ரைசன் 5 5500யு போன்றவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம். செலரோன் பெயரில் வரும் மலிவு வகைகளைத் தவிருங்கள். ஒரு டிராக்கில் வரிசையாக அடுக்கிய பிளக்-இன்களை (எதிரொலி போன்றவற்றைச் சேர்க்கும் துணை மென்பொருள்களை) ஒரு கோர்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்க வேண்டியிருக்கும், அதனால் ஒவ்வொரு கோரும் பலமாக இருக்க வேண்டும். கேமிங் லேப்டொப்பில் வரும் தனி கிராபிக்ஸ் அட்டையால் நமக்கு ஒரு பயனும் இல்லை. அதன் விசிறிச் சத்தம் மட்டும் மைக்கில் ஏறும்.

ராமைப் பொறுத்தவரை, பிறகு கூட்டலாமா என்று பாருங்கள். டாஸ்க் மெனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். திங்க்பேட் டி480 இல் இரண்டு இடங்கள் உண்டு. 8 ஜிபியோடு வாங்கிவிட்டு அடுத்த வருடம் கூட்டலாம். மெல்லிய வகைகள் பலவற்றில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை.

எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) கட்டாயம். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளதை வாங்க வேண்டாம். எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு மைக்கின் ஒரு நிமிடப் பதிவு ஏறத்தாழ 8.6 எம்பி. இருபது டிராக், நான்கு நிமிடப் பாடல் என்றால் 700 எம்பிக்குச் சற்றுக் குறைவு. திரும்பத் திரும்பப் பாடிய பதிவுகளும் சேர்ந்தால் ஒரு பாடலே இரண்டு மூன்று ஜிபி ஆகிவிடும். 256 ஜிபி நெருக்கடி, 512 நிம்மதி.

5. புதியதா, பாவித்ததா, மெக்கா

வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் பாவித்துவிட்டுக் கழித்த லேப்டொப்கள் கொழும்புக்கு நிறைய வருகின்றன. திங்க்பேட், டெல் லெட்டிட்யூட், எச்பி எலைட்புக் வரிசைகள்தான் பெரும்பாலும் இருக்கும். அதே விலைக்குக் கிடைக்கும் மலிவான புதிய லேப்டொப்பைவிட இவை இந்த வேலைக்கு நல்லவை என்பது என் துணிபு. திறந்து தூசி தட்டலாம், விசிறி மாற்றலாம், உதிரிப்பாகம் கிடைக்கும், யுஎஸ்பி துளைகளும் போதிய அளவு இருக்கும். குறை என்னவென்றால் பற்றரி தேய்ந்திருக்கும். 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை மறக்காதவர்கள் பற்றரிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாவித்த மெக்புக் ஏயர் எம்1 உங்கள் பணத்துக்குள் வருமானால் அதையும் பாருங்கள். 2020 நவம்பரில் வந்தது. உள்ளே விசிறியே இல்லை, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாலும் சத்தமில்லை. கராஜ்பேண்ட் இலவசம். ஆனால் ராமையும் எஸ்எஸ்டியையும் பிறகு மாற்ற முடியாது, துளைகள் இரண்டுதான். முந்திய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் முழுதாக அழித்துத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். நிறுவனப் பூட்டு (முன்பு வைத்திருந்த நிறுவனம் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் பூட்டு) உள்ளவையும் சந்தைக்கு வருகின்றன. பழைய கணக்கையோ நிறுவனத்தையோ கேட்கும் பூட்டுத் திரை வந்தால் பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

6. பென் டிரைவைத் தயார் செய்யுங்கள்

மேலே சொன்ன வசதி இதுதான்: ரீப்பரை நிறுவும்போது ‘போர்ட்டபிள்’ என்ற தெரிவைக் குறித்தால் முழு மென்பொருளும் பென் டிரைவுக்குள் வந்துவிடும். எந்த விண்டோஸ் கணினியிலும் செருகி, எதையும் நிறுவாமல் ஓட்டலாம். உங்களிடம் கணினி இல்லையென்றால் நண்பர் ஒருவருடையதில் செய்துகொள்ளுங்கள்.

அதற்குள் இரண்டு வேலைகளை வையுங்கள். ஒன்று, உங்கள் பாட்டு, அல்லது நீங்கள் செய்ய நினைக்கும் பாட்டுக்கு நெருக்கமான ஒன்று. மற்றது வேண்டுமென்றே பாரமாகச் செய்தது: இருபத்து நான்கு டிராக்குகள், ஒவ்வொன்றிலும் ரீப்பரோடு வரும் ரியாசிந்த் என்ற சிந்தசைசர், அதன் மேல் ரியாவேர்ப் என்ற எதிரொலி, எல்லாமே முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வாசிக்கும்படி. ரீப்பருக்குள்ளேயே இருப்பவற்றை மட்டும் பாவித்தால்தான் கடையில் ஒன்றும் குறையாமல் திறக்கும். லேட்டன்ஸிமொன் என்ற இலவச மென்பொருளையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் எந்தப் பகுதி தாளத்தைக் கெடுக்கிறது என்று பெயரோடு காட்டும். அதை மட்டும் நிறுவ வேண்டும், கடைக்காரர் சம்மதித்தால் பாருங்கள். வயருள்ள ஹெட்போனையும் எடுத்துவையுங்கள்.

7. கடையில் இருபது நிமிடம்

100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி பம்பலப்பிட்டியில் இறங்கினால் யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகளை அடுத்தடுத்துப் பார்க்கலாம். வார நாளில், காலையில் போங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் உங்களுக்கு இருபது நிமிடம் தரமாட்டார்கள்.

சென்ற முறை ஒரு தம்பிக்காகப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். பென் டிரைவைச் செருகலாமா என்று முதலில் அனுமதி கேட்டேன். கடைக்காரர் சற்று யோசித்தார். “எல்லாம் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம் தம்பி, எதற்கு இவ்வளவு நேரம்?” என்றார். “பாட்டுப் பதிவு செய்யத்தான் வாங்குகிறோம் அண்ணன். பாடகர் வந்து நிற்கும்போது நின்றுவிட்டால் பெரிய சங்கடம். ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தால் இன்றைக்கே எடுத்துக்கொள்கிறோம்” என்றேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ரீப்பரைத் திறந்து, ஒலிச் சாதனமாக வாஸாபியை (விண்டோஸோடு வரும் ஒலி வழியை) தெரிந்தெடுத்து, பஃபரை 256 இல் வைத்தேன். பாரமான கோப்பை ஓடவிட்டு, பெர்ஃபோமன்ஸ் மீற்றரைத் திறந்தேன். அதில் ‘ஆர்டி சிபியு’ என்று ஒரு வரி இருக்கும். தாளத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். முதல் பத்து நிமிடம் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் அமைதியாக நின்றது. வைஃபையை நிறுத்தியும் போட்டும் பார்த்தோம், மாற்றமில்லை. பிறகு சார்ஜரைக் கழற்றினேன். இரண்டு நிமிடத்தில் எண் எழுபதைத் தாண்டியது, ஹெட்போனில் அதே கடுகு வெடிப்பு. பக்கத்தில் வைத்திருந்த அதே வகையின் இன்னொரு லேப்டொப்பில் சார்ஜரைக் கழற்றினாலும் எண் ஐம்பதைத் தாண்டவில்லை. வகை ஒன்று, தலைமுறை ஒன்று, விலையும் ஒன்று. தம்பி இரண்டாவதை எடுத்துக்கொண்டான்.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: கடையில் குளிரூட்டி ஓடும். உங்கள் அறையில் ஓடாது, ஓடினாலும் பதிவின்போது நிறுத்தத்தான் வேண்டும். அதனால் கடையில் நெருக்கடிக்குக் கிட்ட வந்துவிட்ட கணினி, வெள்ளவத்தை வெயிலில் கட்டாயம் தாளம் தப்பும். இருபது நிமிடம் முடிந்ததும் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், விசிறிக்குக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரப்போ விசில் சத்தமோ வந்தால் வேண்டாம்.

மிச்சத்தை விரைவாகப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகி, இலேசாக அசைத்து, தொடர்பு அறுகிறதா என்று பாருங்கள். துளைக்குள் பச்சையோ துருவோ தெரிந்தால் கடலோர வீட்டில் உப்புக் காற்றுக் குடித்த மெஷின் அது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியின் நலத்தைக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸில் பற்றரி அறிக்கை எடுக்கும் கட்டளை கடைக்காரர்களுக்குத் தெரியும். அதில் தொடக்கக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். மாதிரி இலக்கமும் தொடர் இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள். வொறண்டியில் எது அடங்கும், எத்தனை மாதம் என்பதும் அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

8. வீட்டில் முதல் இரவு

விண்டோஸ் புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதற்குரிய ஏசியோ டிரைவரை (இன்டர்ஃபேஸையும் பதிவு மென்பொருளையும் நேரே இணைக்கும் நிரலை) இறக்கி நிறுவுங்கள். அது இல்லாமல் விண்டோஸில் சிறிய பஃபர் சரியாக நிற்காது. மின்வலுவை ‘சிறந்த செயல்திறன்’ நிலைக்கு மாற்றுங்கள். இன்டர்ஃபேஸை லேப்டொப்பில் நேரடியாகச் செருகுங்கள், நடுவில் யுஎஸ்பி ஹப் (ஒரு துளையைப் பலதாக்கும் பெட்டி) வேண்டாம்.

பிறகு வைஃபையையும் மின்விசிறியையும் நிறுத்தி, மைக்கைத் திறந்து, ஐந்து நிமிடம் ஒன்றும் பாடாமல் பதிவு செய்யுங்கள். ஒருமுறை சார்ஜரோடு, ஒருமுறை சார்ஜர் இல்லாமல். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். சார்ஜரோடு மட்டும் ‘உம்ம்’ என்று தாழ்ந்த ரீங்காரம் வந்தால் அது நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ளே கசிவது. லேப்டொப்பையும் அதோடு சேர்ந்த மற்றச் சாதனங்களையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு அடங்கும். அடங்காவிட்டால் பதிவு செய்யும் நேரம் மட்டும் பற்றரியில் ஓட்டுங்கள். ரீங்காரத்தைப் போக்கப் பிளக்கின் மூன்றாவது முனையை உடைத்துவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த முனை உயிரைக் காப்பதற்காக வைத்தது, எக்காரணம் கொண்டும் அதில் கைவைக்காதீர்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் தூரத்து ரயிலும் பக்கத்து வீட்டு நாயும் கேட்டால் பரவாயில்லை. டிக் சத்தம் ஒன்றுகூட இல்லையென்றால் மறுநாள் பாடுகிறவரைக் கூப்பிடலாம்.